கேட்காமல் எழுதிய முன்கதைகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். ஆங்கிலக் காமிக்ஸ் பக்கம் வந்தது வேலைக்குப் போன பிறகுதான். போன மாதம், ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த முகமூடி நாயகர்கள் காமிக்ஸான 'வாட்ச்மென்' முழுத் தொகுப்பை வாங்கி ஒரே வாரத்தில் முடித்தேன். முடித்த கையோடு மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னதும் அவர் 'பிஃபோர் வாட்ச்மென்' தொகுதிகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அதே பாத்திரங்களின் முன்கதைகள், 2012இல் வேறு ஆட்கள் எழுதி வரைந்தவை. ஆசையாக எடுத்தேன். அப்போதுதான் ஆலன் மூர் இதெல்லாம் வேண்டவே வேண்டாம் என்று சொன்னார், சொல்லியும் போட்டார்கள் என்று தெரிந்தது. அதற்குமேல் பக்கம் புரட்ட மனம் வரவில்லை. நண்பரோ சிரிக்கிறார். "மூர் மட்டும் ஒழுங்கா? டிராகுலா நாவலில் வரும் பெண்ணையும் கேப்டன் நெமோவையும் தூக்கித் தன் கதையில் போட்டுக்கொண்டவர்தானே, அவர் யாரிடம் கேட்டார்?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

படைத்தவர் சம்மதிக்காமல் அவருடைய கதைக்கு முன்கதை எழுதுவது சரிதானா? நான் இதை வாசிப்பது தப்பா? நீங்கள் வாசித்தீர்களா?

அன்புடன்,
எஸ்.,
ஈரோடு

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாசித்தேன். எல்லாவற்றையும் இல்லை, பாதிக்குமேல். அதில் ஒன்றிரண்டு எனக்குப் பிடித்தும் இருந்தது, அதுதான் சிக்கலே. எல்லாம் குப்பையாக இருந்திருந்தால் இந்தப் பதில் நாலு வரியில் முடிந்திருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வதை லேசில் தள்ளிவிட முடியாது. அவர் இன்னும் நிறையச் சொல்லியிருக்கலாம், பாவம், பாதியில் விட்டுவிட்டார். மூரின் 'லீக்' ('லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்') தொடர் முழுக்கவே இரவல் பாத்திரங்கள்தான். மீனா ஹார்க்கர், நெமோ, ஆலன் குவாட்டர்மெயின், ஹைட் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்களின் ஊர்வலம். 'லாஸ்ட் கேர்ள்ஸ்' இதைவிட ஒரு படி மேலே போனது. குழந்தைக் கதைகளில் வரும் ஆலிஸ், டோரத்தி, வெண்டி மூவரையும் வளர்ந்த பெண்களாக்கி ஒரு பாலியல் கதை எழுதினார். வெண்டி வரும் பீட்டர் பானின் உரிமை லண்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையிடம் இருந்ததால், அந்தக் காப்புரிமைக் காலம் முடியும்வரை பிரிட்டனில் புத்தகத்தை வெளியிடக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு ஏன், வாட்ச்மெனே இரவலில் பிறந்ததுதான். சார்ல்டன் என்ற சிறிய நிறுவனத்தின் நாயகர்களை, வாட்ச்மெனை வெளியிட்ட டி.சி. நிறுவனம் வாங்கி வைத்திருந்தது. அவர்களை வைத்துத்தான் மூர் முதலில் கதை சொன்னார். இவர் சொல்கிறபடி எழுதினால் பாதிப்பேர் செத்துப்போவார்கள், மீதிப்பேரை அப்புறம் எதற்கும் பயன்படுத்த முடியாது, புதிதாக ஆட்களை உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் டிக் ஜியோர்டானோ சொன்னார். அப்படித்தான் 'கொஸ்டின்' ரோர்ஷாக்காக மாறினான், 'புளூ பீட்டில்' நைட் அவுலாக, 'கேப்டன் ஆட்டம்' டாக்டர் மன்ஹாட்டனாக மாறினார்கள். இந்த மூலங்களில் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவின் கை இருக்கிறது. அவரிடம் யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது, உங்கள் நண்பருக்கு இது தெரிந்திருந்தால் உங்களை மடக்கியே இருப்பார். இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்து நம்மில் பலரைக் கெடுத்த அதே மாயாவிதான். பிரிட்டனில் 1962இல் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கிய கதை. கென் பல்மர் எழுதினார், ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். இந்த இரண்டு பெயரையும் நாம் சிறுவயதில் கேட்டதே இல்லை. நாம் மட்டுமில்லை, அங்கே படித்த பையன்களும் கேட்டதில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் கதாசிரியர் பெயரோ ஓவியர் பெயரோ போடும் பழக்கம் இல்லை. எழுதிக் கொடு, வரைந்து கொடு, காசு வாங்கிக்கொள், போ. பாத்திரம் கம்பெனிக்குச் சொந்தம். 2005இல் 'ஆல்பியன்' என்று ஒரு தொடர் வந்தது. மாயாவி, ஸ்பைடர், நம் சட்டித்தலையன் ஆர்ச்சி என்று அந்தப் பழைய நாயகர்கள் பலரையும் ஸ்காட்லாந்தில் ஒரு சிறையில் அடைத்து வைத்திருப்பதாகக் கதை. கதையோட்டத்தை அமைத்துக் கொடுத்தவர் ஆலன் மூர், எழுதியவர்கள் அவருடைய மகளும் மருமகனும். வெளியிட்டது எந்த நிறுவனத்தின் கிளை தெரியுமா? டி.சி.தான்.

ஆக, மூரின் கையும் சுத்தமில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும், இல்லாவிட்டால் ரசிகர் மன்றப் பேச்சாகிவிடும்.

இருந்தாலும் உங்கள் நண்பர் பேசுவது அடுத்தவன் பாத்திரத்தைத் தொடலாமா கூடாதா என்பதைப் பற்றி. அதற்கு என் பதில், தாராளமாகத் தொடலாம். கம்பனும் வில்லிபுத்தூராரும் தொட்டதுதான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. இங்கே விவகாரம் வேறு இடத்தில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

லென் வைன் என்று ஒருவர். 1970களின் தொடக்கத்தில் ஓவியர் பெர்னி ரைட்சனுடன் சேர்ந்து 'ஸ்வாம்ப் திங்' என்ற சதுப்பு நில ஜந்துவை உருவாக்கியவர். 1983இல் அதே தொடருக்கு அவர் ஆசிரியராக இருந்தார், விற்பனை படுத்துக் கிடந்தது. பிரிட்டனில் அவ்வளவாகப் பெயர் வெளியே தெரியாத ஒருவர் நன்றாக எழுதுகிறார் என்று கேள்விப்பட்டு நார்தாம்ப்டனுக்குப் போன் போட்டார். எடுத்தவர் ஆலன் மூர். ஏதோ நண்பன் குரல் மாற்றி விளையாடுகிறான் என்று நினைத்தாராம். இதை எடுத்துச் செய் என்று வைன் கொடுத்தார், மூர் எடுத்தார், எடுத்த வேகத்தில் இரண்டாவது இதழிலேயே அந்த ஜந்துவின் பிறப்பு ரகசியத்தைத் தலைகீழாக்கினார். அதுவரை அது விபத்தில் உருமாறிப்போன ஒரு விஞ்ஞானி. இல்லை, விஞ்ஞானி அன்றைக்கே செத்துவிட்டான், இது தன்னை அந்த மனிதன் என்று நம்பிக்கொண்டிருக்கும் வெறும் செடி என்று எழுதினார் மூர். யோசித்துப் பாருங்கள், வைன் உருவாக்கிய கதையின் கடந்த காலத்தையே மாற்றுகிறார். முன்கதை எழுதுவதைவிடப் பெரிய கைவைப்பு இது. ஆனால் செய்யச் சொன்னவர் வைன். தன் வீட்டுச் சாவியைத் தானே கொடுத்துவிட்டு, சுவரை இடித்தாலும் பரவாயில்லை என்று பக்கத்தில் நின்றவர்.

இதே லென் வைன்தான் பிறகு வாட்ச்மெனுக்கும் ஆசிரியராக இருந்தார். அதன் முடிவு பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் கதையை ஒத்திருக்கிறது, மாற்று என்று மூரிடம் மல்லுக்கட்டியவரும் அவர்தான். மூர் மாற்றவில்லை. 2012இல் முன்கதைகள் வந்தபோது ஓஸிமாண்டியாஸ் பாத்திரத்தின் ஆறு இதழ்களை எழுதியவர் யார் என்கிறீர்கள்? லென் வைன். இந்த முறை நார்தாம்ப்டனிலிருந்து அவருக்கு யாரும் போன் செய்து கேட்கவில்லை.

எனக்கு வைன்மீது கோபம் இல்லை. 2017இல் காலமாகிவிட்டார், காமிக்ஸுக்கு நிறையச் செய்த மனிதர். ஆனால் இந்த இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சம்மதம் என்ற வார்த்தைக்கு என்ன எடை என்று எனக்குத் தெரிகிறது. இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள், மற்றவருடைய பாத்திரத்துக்குப் புதிய கடந்த காலம் எழுதினார்கள். ஒருவரை அழைத்திருந்தார்கள், மற்றவரை வராதே என்று சொல்லியிருந்தார்கள்.

சட்டப்படி பாத்திரம் டி.சி.யுடையதுதானே, மூரிடம் ஏன் கேட்க வேண்டும் என்று நண்பர் அடுத்துக் கேட்பார். அங்கேதான் ஒப்பந்தக் கதை வருகிறது. வாட்ச்மென் 1986–87இல் பன்னிரண்டு இதழ்களாக வந்தது. மூரும் ஓவியர் டேவ் கிப்பன்ஸும் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து உண்டு: புத்தகம் அச்சில் இல்லாமல் ஒரு வருடம் போனால் உரிமை இவர்களுக்கே திரும்பி வரும். அன்றைக்கு இது நல்ல ஷரத்து. அந்தக் காலத்தில் காமிக்ஸ் இதழ் என்பது மாதம் வரும், விற்கும், அத்தோடு போய்விடும். பழைய இதழ் வேண்டுமானால் சேகரிப்பவர்களிடம் தேட வேண்டும், நம் ஊரில் பழைய புத்தகக் கடையில் மாயாவி தேடுகிற மாதிரி. தொகுத்துப் புத்தகமாக்கி வருடக்கணக்கில் புத்தகக் கடை அலமாரியில் வைத்து விற்பது அப்போது வழக்கமே இல்லை. ஒன்றிரண்டு வருடத்தில் நம் கைக்கு வந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்திருப்பார்கள். நடந்தது என்ன? வாட்ச்மென், ஃபிராங்க் மில்லரின் பேட்மேன் கதை, ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்', இந்த மூன்றும் ஒரே காலத்தில் வந்து அந்த வழக்கத்தையே மாற்றிவிட்டன. கிராபிக் நாவல் என்று கடைகளில் தனி அலமாரியே வந்தது. 1987இல் தொகுப்பாக வந்த வாட்ச்மென் இன்றுவரை அச்சில் இருக்கிறது, நீங்களே போன மாதம் வாங்கியிருக்கிறீர்கள். புத்தகம் தோற்றிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும். ஜெயித்ததால் கிடைக்கவே இல்லை.

டி.சி. ஒப்பந்தத்தின் ஓர் எழுத்தைக்கூட மீறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நன்றாக விற்கும் புத்தகத்தை எந்தப் பதிப்பாளர் நிறுத்துவார்? மூரும் கையெழுத்துப் போட்டவர்தான். ஆனால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டபோது மனதில் வைத்திருந்த காலம் ஒன்று, பிறகு வந்த காலம் வேறு. அந்த இடைவெளியில் லாபம் பெரும்பாலும் ஒரு பக்கம் சேர்ந்தது. கூடவே சில்லறை மனக்கசப்புகள். அந்த மஞ்சள் சிரிப்பு முகம் போட்ட பட்ஜை விற்றுவிட்டு, அது விளம்பரப் பொருள், ராயல்டி கிடையாது என்று கணக்குச் சொன்னார்கள். சின்னத் தொகைதான், ஆனால் இந்த மாதிரிச் சின்னத் தொகையில்தான் மனிதர்கள் முறித்துக்கொள்கிறார்கள், பெரிய தொகை என்றால் வக்கீல் வைத்துப் பேசி முடித்துக்கொள்வார்கள். 1980களின் முடிவில் மூர் அங்கே எழுதுவதை விட்டுவிட்டார். 2009 படத்தில் தன் பெயரே வேண்டாம் என்று எடுக்கச் சொல்லி, தனக்கு வர வேண்டிய பணத்தையும் கிப்பன்ஸுக்கே விட்டுக்கொடுத்தார்.

2010இல் ஒரு பேட்டியில் மூர் சொன்னது இது: முன்கதைகளுக்கும் பின்கதைகளுக்கும் சம்மதித்தால் வாட்ச்மென் உரிமையைத் திருப்பித் தருவதாக டி.சி. கேட்டனுப்பியது, அவர் மாட்டேன் என்றார். எனக்கு இந்த இடம் முக்கியம். சம்மதம் தேவையில்லை என்று அந்த நிறுவனம் உண்மையிலேயே நம்பியிருந்தால் எதற்காகக் கேட்டார்கள்? அதற்கு ஒரு விலை உண்டு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. விலை படியவில்லை என்றதும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. 2012 பிப்ரவரியில் அறிவிப்பு, ஜூனில் முதல் இதழ். மூர் பத்திரிகையிடம், எனக்குப் பணம் வேண்டாம், இது நடக்காமல் இருந்தால் போதும் என்றார். மோபி டிக்குக்கு முன்கதை பின்கதையெல்லாம் எனக்குத் தெரிந்து அதிகம் வரவில்லை என்றும் சொன்னார், குசும்பு. கிப்பன்ஸ் வேறு மாதிரி. நாங்கள் சொல்ல நினைத்த கதை அந்த மூலத் தொடரிலேயே முழுமையாக இருக்கிறது, ஆனாலும் இவர்கள் செய்வதன் காரணம் புரிகிறது, வெற்றி பெறட்டும் என்று வாழ்த்தினார். அந்த அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வருகிறவரின் வார்த்தைகள் அவை. படைத்தவர்கள் இருவர் என்றால் ஒருவர் சம்மதம் போதுமா என்று இதை வைத்து வாதாடினவர்கள் உண்டு. வாழ்த்துவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்ன?

சரி, நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். புத்தகமாக அவை எப்படி என்றுதானே பார்க்க வேண்டும் என்பீர்கள்.

நீங்கள் இரண்டு முறை படித்திருப்பதால் கவனித்திருப்பீர்கள், வாட்ச்மெனுக்குள்ளேயே முன்கதை இருக்கிறது, பாதிப் புத்தகம் அதுதான். காமெடியன் என்ற எட்வர்ட் பிளேக் ஜன்னலிலிருந்து விழுந்து செத்ததில் தொடங்குகிறது, அவன் சவ அடக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் போய் ஒவ்வொரு பழைய நாள் வருகிறது. நாலாவது இதழ் மன்ஹாட்டனின் வாழ்க்கை முழுதும், ஆறாவது ரோர்ஷாக்கின் சிறுவயது, ஒன்பதாவது சில்க் ஸ்பெக்டரான லாரியின் ஞாபகங்கள். போதாததற்கு ஆரம்ப இதழ்களின் கடைசியில் பழைய நைட் அவுல் எழுதிய சுயசரிதையின் பக்கங்கள். எதைச் சொல்ல வேண்டுமோ அதைச் சொல்லியாயிற்று. எதைச் சொல்லவில்லையோ அது மறந்துபோய் விட்டதல்ல. அந்த ஒன்பது கட்டப் பக்கங்களை அளந்து அளந்து போட்டவர்களுக்கு, ஐந்தாவது இதழின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அமைய வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்களுக்கு, ஒரு ஓட்டையை அடைக்க இடமா இல்லாமல் போய்விடும்?

கென்னடியைச் சுட்ட அன்று நான் எங்கே இருந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள் என்று காமெடியன் ஒரு விருந்தில் சிரித்துக்கொண்டே சொல்லும் இடம் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு வரி போதும், வயிறு கலங்கும். அது உண்மையா, குடித்துவிட்டுப் பேசும் வாய்ச்சவடாலா, தெரியாது. தெரியாததால்தான் கலங்குகிறது. முன்கதையில் பிரையன் அஸரெல்லோ அவனைக் கென்னடி குடும்பத்துக்கே நெருங்கிய நண்பனாக்கி வைத்திருக்கிறார். புத்திசாலித்தனமான திருப்பம்தான். படித்து முடித்ததும் மூலத்துக்குப் போய் அந்த வரியைப் பார்த்தேன். அது செத்திருந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் உயிர் வந்தது.

ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி எழுதியவற்றில் நைட் அவுல், டாக்டர் மன்ஹாட்டன் இரண்டும் எனக்கு ஒட்டவில்லை, விட்டுவிடுகிறேன். ரோர்ஷாக்கில் லீ பெர்மேஹோவின் ஓவியம் மிரட்டும், கதை மறந்துவிட்டது.

டார்வின் குக்கின் 'மினிட்மென்' மட்டும் வேறு. 1940களின் அந்த முதல் தலைமுறை முகமூடிக்காரர்களை அவர் தன் பாணியில், பழைய கார்ட்டூன் படங்களின் எளிய கோட்டில் வரைந்தார். கிப்பன்ஸைப் போல வரைய முயலவே இல்லை. அமாண்டா கானருடன் அவர் செய்த 'சில்க் ஸ்பெக்டர்' கதையும் அப்படித்தான், ஒரு பதினாறு வயதுப் பெண் வீட்டைவிட்டு ஓடும் கதையாகவே நிற்கும், வாட்ச்மென் தெரியாதவர்கூட வாசிக்கலாம். இந்த இரண்டையும் ரசித்துத்தான் வாசித்தேன். ரசித்தேன் என்பதற்காகச் செய்தது சரி என்று ஆகிவிடுமா என்று யோசித்துக்கொண்டே ரசித்தேன், அது ஒரு கெட்ட வாசிப்பு அனுபவம், யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இங்கே என் வாதத்துக்கே ஒரு அடி விழுகிறது. 'ஹூடட் ஜஸ்டிஸ்' என்று கழுத்தில் தூக்குக்கயிற்றோடு திரிகிற முதல் முகமூடிக்காரன் யார் என்பதை மூலத்தில் உறுதியாகச் சொல்லவில்லை, ஒரு சர்க்கஸ் பயில்வானாக இருக்கலாம் என்று ஊகம் மட்டும். குக்கும் தன் முன்கதையில் இந்தப் புதிரைத் தொட்டார். 2019இல் டேமன் லிண்டெலாஃப் எடுத்த வாட்ச்மென் தொலைக்காட்சித் தொடர் ஒரு விடை சொன்னது. (தொடரைப் பார்க்கவில்லை என்றால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்.) அந்த முகமூடிக்குள் இருந்தது ஒரு கறுப்பர். 1921இல் அமெரிக்காவின் டல்சா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பர்களின் குடியிருப்பைக் கொளுத்திக் கொன்றார்களே, அதில் தப்பித்த குழந்தை. வளர்ந்து போலீஸாகிறான், சக போலீஸ்காரர்களே அவனைத் தூக்கில் மாட்டி இறக்குகிறார்கள், அந்தக் கயிற்றை அவிழ்க்காமலே, முகமூடியும் போட்டுக்கொண்டு அவன் தெருவில் இறங்குகிறான். அந்தக் கயிறு 1986இலிருந்து படத்தில் இருக்கிறது, நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம், அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அந்த அத்தியாயம் ஓடும்போது எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை நான். அதற்கும் மூர் சம்மதிக்கவில்லை, பெயரும் போடவில்லை. ஆக, சம்மதம் இல்லாமல் எழுதினால் மோசமாகத்தான் வரும் என்று சொல்லவே முடியாது. சம்மதம் இருந்தால் நன்றாக வரும் என்றும் சொல்ல முடியாது. ஒரு படைப்பு நன்றாக இருப்பதும் அதைச் செய்த முறை நியாயமாக இருப்பதும் தனித்தனிச் சங்கதி, இரண்டையும் ஒன்றை வைத்து ஒன்றைத் தீர்க்கப் பார்ப்பதால்தான் இந்த விவாதம் எப்போதும் கத்தலில் முடிகிறது.

என் சொந்தக் கதை ஒன்று. ரொம்ப வருடம் முன்பு நான் எழுதிய ஒரு சிறுகதையில் ஒரு பெண் தன் அண்ணன் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே போகாமல் திரும்பிவிடுவாள். ஏன் என்று கதையில் இல்லை. ஒரு கல்லூரி நாடகக் குழு அதை மேடையேற்றியது. மேடையேறிய பிறகுதான் எனக்குத் தகவலே வந்தது, இரண்டாவது நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள், போனேன். நாடகத்தின் முதல் பாதி முழுக்க அண்ணனுக்கும் தங்கைக்கும் நடந்த சண்டை, சொத்து, அம்மாவின் நகை என்று அவர்களே எழுதிச் சேர்த்தது. நடித்த பெண் அருமையாக நடித்தாள். பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்தார். எனக்கு உள்ளே எரிந்தது. அந்தப் பெண் ஏன் திரும்பினாள் என்று எனக்குத் தெரியும், நகைக்காக இல்லை. முடிந்ததும் பையன்கள் வந்து எப்படி சார் இருந்தது என்றார்கள். நன்றாக இருந்தது தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா? அநேகமாக ஆமாம். அந்த வயதுப் பையன்கள் கேட்டால் யார் மறுப்பார்கள். ஆனால் கேட்கவில்லை என்பது இன்றுவரை ஒரு ஓரத்தில் உறுத்துகிறது, என்னுடையது ஒரு சின்னச் சிறுகதை, அதில் யாரும் பத்துக் காசு சம்பாதிக்கவில்லை. மூருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இதைக் கொண்டு கொஞ்சம் ஊகிக்கிறேன்.

கேட்டுச் செய்தவர்களும் இருக்கிறார்கள். நம் கேப்டன் டைகரின் இளமைக்காலக் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த முன்கதைகளை 1968இல் தொடங்கியவர்களே டைகரை உருவாக்கிய ஷார்லியேவும் ஜிரோவும்தான். பிறகு காலின் வில்சன் வரைய வந்தபோதும் கதை எழுதியவர் ஷார்லியே. 'இரத்தப் படலம்' என்று நாம் கொண்டாடும் பதின்மூன்றாம் எண் ஆசாமியின் தொடரிலும், துணைப் பாத்திரங்களின் கடந்த காலத்தை ஒரு ஆல்பத்துக்கு ஒரு ஜோடி என்று வேறு வேறு ஆட்கள் எழுதினார்கள், மூலத் தொடரை எழுதிய வான் ஹாமின் ஒப்புதலோடு. அதில் சிலது சுமார், சிலது நன்று, ஆனால் வாசிக்கும்போது மனதில் வழக்கு நடக்காது.

இன்னொரு பக்கம் 'காஸ்டன்'. பெல்ஜியத்தின் ஆந்த்ரே ஃபிராங்கன் 1957இல் உருவாக்கிய சோம்பேறி அலுவலகப் பையன். தனக்குப் பிறகு இவனை யாரும் வரையக் கூடாது என்பது ஃபிராங்கனின் விருப்பம் என்று அவர் மகள் சொல்லி வழக்காடினார். ஃபிராங்கன் 1997இல் இறந்துவிட்டார். 2023இல் நடுவர் தீர்ப்பு பதிப்பகத்துக்குச் சாதகமாக வந்து, கனடாவின் டெலாஃப் வரைந்த புதிய ஆல்பம் அந்த வருடமே வெளியானது. இதில் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் தடுமாறுவேன். செத்தவர் சொல்லை எத்தனை காலம் காப்பாற்றுவது? மகள் இருக்கிறவரையா? சட்டம் சொல்கிற எழுபது வருடமா? அந்த ஓவியங்களைப் பார்த்தேன், ஃபிராங்கனின் கோட்டை அப்படியே வார்த்த மாதிரி இருக்கிறது, அதுவே எனக்குச் சங்கடம்.

மூர் விஷயத்தில் தடுமாற்றம் இல்லை. ஆள் உயிரோடு இருக்கிறார், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிறார், தனக்குத் திரும்பி வரும் என்று நம்பிக் கொடுத்தது திரும்பி வரவில்லை என்கிற புண் ஆறாமல் இருக்கிறது. கேப்டன் நெமோவை மூர் எடுத்தபோது ஜூல்ஸ் வெர்ன் இறந்து தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, அவரிடம் யாரும் எதையும் கடன் வைத்திருக்கவில்லை. டி.சி. மூரிடம் கடன்பட்டிருந்தது, சட்டப்படி இல்லை, ஆனால் பட்டிருந்தது. நண்பரிடம் இந்த ஒன்றைச் சொல்லுங்கள். ஆல்பியனைப் பற்றி அவர் கேட்டால், ஆமாம், அந்த இடத்தில் மூர் மாட்டிக்கொண்டார் என்று ஒப்புக்கொண்டுவிடுங்கள். அந்தத் தொடரில் வரும் ஸ்பைடரின் பல கதைகளை 1960களில் பெயரில்லாமல் எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர், 1938இல் நூற்றி முப்பது டாலருக்கு அதன் மொத்த உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுக்க வழக்குப் போட்டவர். நாம் ஸ்கூல் பைக்குள் ஒளித்து வைத்துப் படித்த ஸ்பைடருக்குப் பின்னால் அவர் இருந்தது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

உங்கள் கையில் இருக்கும் தொகுதிகளில் மினிட்மென்–சில்க் ஸ்பெக்டர் இரண்டும் ஒரே புத்தகமாக இருக்கும், அதை வாசியுங்கள். காமெடியனைத் தொடாதீர்கள், குறைந்தது அந்தக் கென்னடி வரி உங்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை. மற்றதெல்லாம் உங்கள் இஷ்டம். இரவல் வாங்கியதுதானே, வாசித்ததும் ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். என்னுடைய மினிட்மென்னை ஒருவர் வாங்கிப் போய் ஏழு வருடம் ஆகிறது, அவரும் இந்தத் தளத்தை வாசிக்கிறார்.

அன்புடன்